நெல்டாவுக்கு ஒரு துப்பாக்கி

அது மார்ச் மாதம் என்று என் நினைவு. வெர்லினைக் கேட்டால் நவம்பர் என்பான். மான் வேட்டை சீசன் முடிந்த வாரம் என்று அடித்துச் சொல்வான். எனக்குத் தரை சொதசொதவென்று இருந்ததும், என் வெள்ளை நர்ஸ் ஷூவில் சேறு ஏறியதும்தான் ஞாபகம் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் அந்த இரண்டு மாதங்களிலும் தரை அப்படித்தான் இருக்கும் என்பதால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. யார் என்ன சொன்னார்கள் என்பதிலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. தூங்காத கண்ணோடு கேட்ட பேச்சுகள் அவை. சில வார்த்தைகளை நானே பிற்பாடு அவர்கள் வாயில் வைத்திருக்கலாம்.

நெல்டா, என் கணவன் வெர்லினின் தங்கை. தோள்பட்டை எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, மெல்லிய பலகைச் சுவர்கள் கொண்ட எங்கள் டிரெய்லர் வீட்டுக்கு வந்தவள். உடைத்தவன் அவள் புருஷன் டாயல். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தோம். ஆனாலும் வந்தான். எங்கள் சாலை முனையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பான். ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் செய்தால், மலையைச் சுற்றிக்கொண்டு ஆள் வருவதற்குள் போய்விடுவான்.

"ஒரு நாள் உள்ள வருவான்," என்றாள் நெல்டா. "அவன் கதவத் தட்டி நான் பாத்ததே இல்ல."

வீட்டில் நாங்கள் நான்கு பேர். வெர்லினுக்குச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட். இங்கே அதை ஆந்தை ஷிஃப்ட் என்பார்கள். எனக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகலில் நாங்கள் தூங்கும் கட்டிலில் இரவில் நெல்டா தூங்குவாள். அந்த மெத்தை ஆறியதே இல்லை. வீட்டின் மறுகோடியில் இருந்த சின்ன அறையில் மாமனார் ஹோபர்ட், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினுமாக இருந்தார். நிலக்கரித் தூசி அவர் நுரையீரலைத் தின்று தீர்த்திருந்தது. வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

வீட்டில் அவருடைய பழைய மான் ரைஃபிள் ஒன்று இருந்தது. அதையே வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன்.

"அத வீட்டுக்குள்ள சுட்டா பக்கத்து மாவட்டத்துல ஒரு பசு செத்து விழும்மா," என்றார் அவர்.

ஆகவே ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் முடிந்த கையோடு, தூங்காமலே பர்ல் என்பவர் நடத்தும் கடைக்குப் போனோம். ஒரு பக்கம் தூண்டில் புழு, மறுபக்கம் துப்பாக்கி. நெல்டாவும் வந்தாள். கழுத்திலிருந்து கையைத் தாங்கிய கட்டு அவிழ்த்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது.

"வீட்டுக்கா, வேட்டைக்கா?" என்றார் பர்ல்.

"வீட்டுக்கு," என்றான் வெர்லின்.

"அப்ப பம்ப் ஷாட்கன். ரவை சிதறிப் போகும், இருட்டுல குறி கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்ல."

அடுப்போரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "தோட்டாவே வேணாம் தம்பி. அந்தப் பம்ப இழுத்துத் தள்ளுற சத்தம் போதும். எவனா இருந்தாலும் ஓடிருவான்."

"உன் பொண்டாட்டி தும்முனாலே நீ ஓடிருவ," என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர். "ஊர்ல எல்லாரும் உன்னய மாதிரியா?"

"சத்தத்த நம்பித் துப்பாக்கி வாங்காத, வெர்லின்," என்றார் பர்ல். "சுட மனசில்லேன்னா வாங்கவே வாங்காத. எடுத்துட்டுச் சுடாம நிக்கிறது வெறுங்கையோட நிக்கிறத விட மோசம்."

மான் சுடும் பெரிய ரவைத் தோட்டா, பறவை சுடும் பொடி ரவைத் தோட்டா என்று பெட்டிகளைக் கண்ணாடி மேல் வைத்தார். பெரிய ரவை ஆளை அங்கேயே நிறுத்தும் என்றார். பொடி ரவை பக்கத்திலிருந்து பட்டால் மோசமாகக் காயப்படுத்தும், ஆனால் குளிருக்குத் தடிச் சட்டை போட்டு வெறியோடு வருகிறவனை நிறுத்தும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். பிறகு ஒரு பிஸ்டலையும் முனை குழிந்த தோட்டாக்களையும் காட்டினார். உடம்பில் பட்டதும் விரிந்து உள்ளேயே நின்றுவிடுமாம்.

"சுவர்ல பட்டா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் தலை சாய்த்தால் அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் மூச்சு கேட்கும்.

பர்ல் பிஸ்டலைக் கீழே வைத்தார். "டிரெய்லர் சுவரா?" என்றார். "அத நீங்களே சுட்டுப் பாத்துக்கறது நல்லது. என் பிஸ்டலயும் இந்த ஷாட்கன்னயும் இரவல் தரேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

ஷாட்கன்னை வெர்லின் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். முழங்கை மடிப்பையும் கன்னம் அமர்ந்த இடத்தையும் தையல்காரர் மாதிரி பார்த்துவிட்டு, "துப்பாக்கிக் கட்டை உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றார். வெர்லின் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான். நெல்டா மீன்குஞ்சுத் தொட்டி முன்னால் நின்று, அவை ஒன்றாகத் திரும்புவதையும் ஒன்றாக நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வெர்லின் தன் சித்தப்பா நிலத்தில் சிதைந்து கிடந்த ஒரு டிரெய்லரிலிருந்து பலகைகளைக் கழற்றி, மலையடிவாரத்தில் எங்கள் வீட்டைக் கட்டினான். வீடு என்றால் சுவர்கள் மட்டும்தான்: படுக்கையறைச் சுவர், கூடத்துச் சுவர், குளியலறையின் இரண்டு சுவர்கள், எல்லாம் அதே இடைவெளியில். காலி பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பினான். கூடத்தில், வாசல் கதவு இருக்கும் இடத்தில் ஒன்று, அது டாயல். கடைசிச் சுவருக்குப் பின்னால், ஒரு நாற்காலி மேல் இன்னொன்று.

மாமனார் கையடக்க ஆக்சிஜன் சிலிண்டரோடு வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னலை இறக்கிவிட்டிருந்தார்.

"அந்தக் கடைசி கேன் யாருடா?"

"நீங்கதான்ப்பா."

"என்ன விடக் குண்டா இருக்கு. கொஞ்சம் தண்ணிய ஊத்திரு."

வெர்லின் படுக்கையறை வாசல் இருக்க வேண்டிய இடத்தில் நின்றான். முதலில் பெரிய ரவை. டாயல் வெடித்துத் தண்ணீராகச் சிதறினான். நாங்கள் சுவர்களைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்தோம். நாற்காலி மேல் கேன் இல்லை. பிளாஸ்டிக் துண்டுகள் புல்லில் கிடந்தன. டாயலின் மேல் படாமல் பக்கவாட்டில் போன ரவைகள் எதிரே இருந்த மூன்று சுவரையும் துளைத்து மண்மேட்டுக்குள் போயிருந்தன.

"அப்பா செத்துட்டாரு," என்றான் வெர்லின், சத்தமாக, வண்டியைப் பார்த்து.

"டாயல்?"

"அவனும்தான்."

"அது வரைக்கும் சரி."

பிஸ்டலும் அப்படியே. குறி சற்று விலகியது. முனைக் குழியில் முதல் பலகையின் தூள் அடைத்துக்கொண்டதோ என்னவோ, தோட்டா விரியவே இல்லை. எல்லாச் சுவரையும் தாண்டிப் போயிருந்தது. கடைசியாகப் பொடி ரவை. அது மூன்றாவது சுவரில் பெரும்பாலும் நின்றுவிட்டது. சில மட்டும் தாண்டி, நாற்காலி மேலிருந்த புதுக் கேனில் ஊசித் துளைகள் போட்டிருந்தன. தண்ணீர் மெல்லிய நூல்களாக வழிந்தது. அது நிற்கும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

"பொடி ரவைதான்," என்றான் வெர்லின். "அப்பாவ எங்க ரூமுக்கு மாத்திருவோம். அப்பச் சுடுற பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க."

"மாத்தலாம்," என்றார் மாமனார். "ஆனா பாத்ரூம் மறு பக்கம்ல இருக்கு? ராத்திரி முழுக்க நான் உன் கூடத்துல போயிட்டும் வந்துட்டும் இருப்பேன். இருட்டுல நான் டாயல விட நல்ல குறியா இருப்பேன்டா, ஓட மாட்டேன்ல."

வெர்லின் பலகையில் இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தான். "லைட்டப் போட்டுட்டு நடங்க. குரல் குடுங்க. நான் ஆளப் பாக்காமச் சுடுவேனா?"

அப்போதுதான் நெல்டா கேட்டாள். "நீயா?"

"பின்ன?"

"ராத்திரி நீ எங்க இருப்ப, வெர்லின்?"

அவன் பலகையிலிருந்து விரலை எடுத்தான். நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரவுக்கு என்று ஒரு துப்பாக்கியைத் தேடி அலைந்த நாங்கள் இரண்டு பேருமே ஒரு இரவிலும் வீட்டில் இருப்பதில்லை. கடையில் அவன் தோளை அளந்தபோது பர்லுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்களுக்குத் தெரியும். இங்கே துப்பாக்கி என்றால் வீட்டு ஆம்பிளையின் தோள்தான் அளவு. அதற்கு மேல் யாருக்கும் யோசனை ஓடுவதில்லை.

நெல்டா அவன் கையிலிருந்து ஷாட்கன்னை எடுத்துப் பார்த்தாள். கட்டை அவளுக்கு நீளம். கை முன்னே எட்டவில்லை. உடைந்து கூடிய எலும்பின் மேல் அதை அமர்த்தியதுமே, சுடாமலே, முகம் வெளுத்தது. இறக்கி அவனிடம் கொடுத்துவிட்டாள்.

"பிஸ்டல் எடுத்துக்க," என்றான். "பழகிக்கலாம். நான் சொல்லித் தரேன்."

"அது இல்ல விஷயம்."

"அவன் மேல இன்னும் பாவம் பாக்கறியா?"

"அவன் மேலயா?" என்று சிரித்தாள். காற்றில் அந்தப் பொய்ச் சுவர்கள் லேசாக ஆடின. எங்கோ நாய் குரைத்தது. ஆக்சிஜன் சிலிண்டரின் சின்னச் சின்ன மூச்சு வண்டிக்குள்ளிருந்து கேட்டது.

"அப்பா ராத்திரி எந்திரிக்கிறாரே," என்றாள், "அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு தடவையும் அவன் வந்துட்டான்னுதான் நெனைக்கிறேன். அப்பான்னு தெரியும். தெரிஞ்சும் அப்படித்தான். போர்வைக்குள்ள கையக் கடிச்சிட்டுக் கிடக்கறேன். கையில பல்லுக்குப் பதிலா இது இருந்தா?"

வண்டி ஜன்னலில் மாமனார் முகம் தெரிந்தது. மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"எந்தத் தோட்டாவும் சரி வராது, அண்ணா," என்றாள். அவள் அவனை அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வீடு திரும்பினோம். பீன்ஸும் சோள ரொட்டியும் சூடு பண்ணினேன். சாப்பாட்டின் நடுவில், சர்ச் பெண்மணி ஒருத்தி தனக்கு ஒரு நம்பர் கொடுத்திருப்பதாக நெல்டா சொன்னாள். அடிபட்டு வரும் பெண்களைத் தங்கவைக்கும் வீடு, வேறு மாநிலத்தில். விலாசத்தை யாருக்கும் சொல்ல மாட்டார்களாம்.

வெர்லின் கரண்டியைப் போட்டான். "நம்ம வீட்டுலேர்ந்து நாம ஓடணுமா? தப்பு பண்ணவன்ல ஓடணும்?"

"அவன் ஓட மாட்டான். அவனுக்குத் தொப்பை. எனக்கு ஓட வரும்."

"இது உன் வீடு, நெல்டா."

"ஆமா. அதான் இதுக்குள்ள யாரும் சாக வேணாம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தன் வீட்டை விட்டுப் போக வேண்டியவள் அவளில்லை. ஆனால் நியாயம் ஒரு பக்கம் இருக்க, அந்த வீட்டில் இனிமேல் ஒரு இரவுகூட நெல்டாவால் தூங்க முடியாது என்பதும் உண்மையாக இருந்தது. மாமனார்தான் முடித்துவைத்தார்.

"போகட்டும்டா. நான் நிம்மதியா ஒண்ணுக்குப் போவேன்ல," என்றார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், ஷிஃப்ட் முடிந்ததும் நானே அவளைப் பஸ் நிலையத்தில் கொண்டு விட்டேன். வெர்லின் வரவில்லை. கிளம்பும் முன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டபோது நெல்டா அவர் நெற்றியில் உதட்டை வைத்து வெகுநேரம் குனிந்தே இருந்தாள். வண்டியில் போகும்போது என் கண் இரண்டு தடவை சொருகியது. அவள்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்கினாள்.

டாயல் அடுத்த வாரமே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மாமனார் மட்டும் இருந்தார். அறை அறையாகத் தேடிவிட்டு, அவரைத் தொடாமல் போனான். அதற்கு ஜெயிலில் சில மாதம் இருந்தான்; பிறகு ஒஹையோவில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினான், அவளுக்கும் எலும்பு உடைந்தது என்று கேள்வி. மாமனார் அடுத்த குளிர்காலத்தில் தன் கட்டிலில் மூச்சுத் திணறி இறந்தார். நெல்டா அடக்கத்துக்கு வரவில்லை. அவள் இண்டியானாவில் ஒரு கடையின் பேக்கரியில் வேலை செய்கிறாள், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் சுரங்கம் மூடப்பட்டது; வெர்லின் இப்போது பகலில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறான். நான் இன்னும் இரவு வேலைக்குத்தான் போகிறேன்.