உச்சுக் கொட்டினால் ஓடிவரும் வாத்துகள்

சாராள் பேசிய நேரத்தைவிட உச்சுக் கொட்டிய நேரம்தான் அதிகம். மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கை ஒட்டவைத்து, 'த்ச்' என்று பிய்த்து எடுப்பாள். சாம்பாரில் உப்பு கூடினால் ஒரு த்ச். கரண்ட் போனால் ஒரு த்ச். பக்கத்துத் தெருவில் யாருக்கோ சர்க்கரை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டால் தலையை ஆட்டிக்கொண்டே வரிசையாகப் பல. கல்யாணமாகிக் கவரைப்பேட்டைக்கு வந்த புதிதில், அத்தனையும் தனக்காகத்தான் என்று மருமகள் கிறிஸ்டினா நினைத்தாள். கொஞ்ச நாள் போனதும் பழகிவிட்டது என்று கணவன் ஜோசப்பிடம் சொன்னாள். பழகவில்லை.

வாத்துகளை ஜோசப்தான் கொண்டுவந்தான், சாப்பாட்டுப் பையில். அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டம் அடுத்த ஊருக்கு நகர்ந்தபோது இரண்டு குஞ்சுகள் மட்டும் சாலையோர வாய்க்காலில் தங்கிவிட்டன. ஷிப்டு முடிந்து பைக்கில் வந்தவன், காலி டிபன் பாக்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவற்றை வைத்துவிட்டான். டிபன் பாக்ஸ் எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது. பேரும் அவனே வைத்தான். ஒன்று ஷிப்டு, இன்னொன்று ஓவர்டைம்.

"இது ரெண்டும் இல்லாம நம்ம ஊடு ஓடுமா?" என்றான்.

கிறிஸ்டினாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஓடும் மூடிகளில் கோணலானது, விளிம்பு கிழிந்தது, சாயம் வெளுத்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தொட்டியில் எறிய வேண்டும். நல்ல மூடியை அவள் பார்ப்பதே இல்லை. அது தன்பாட்டுக்குப் போய்விடும். இப்படி நாள் முழுக்கக் குறை பார்த்த கண்ணோடு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக் கேட்டைத் தொட்டதும், இரண்டு வாத்துகளும் இறக்கையை விரித்துக்கொண்டு, ஒன்றின் காலில் ஒன்று தடுக்கியபடி ஓடிவரும். நான் வந்துவிட்டேன் என்பதற்காக உலகத்தில் ஓடிவருகிற உயிர்கள் இவை இரண்டுதான் என்று தோன்றும். உடனே வெட்கமாகவும் இருக்கும். ஜோசப் இருக்கிறானே. ஆனால் ஜோசப் ஓடிவருவதில்லை.

ஓடிவந்த வாத்துகள் கேட்டோடு நிற்பதில்லை. அவள் பின்னாலேயே கூடத்துக்குள் வரும், டிவிக்கு முன்னால் நிற்கும், நின்ற இடத்தில் கழியும். ஒருநாள் காலையில் சாராள் ஜெபப் புத்தகத்தை எடுக்க எழுந்தவள், ஓவர்டைம் விட்டுப்போனதில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் மெல்லிய விரிசல். மாவுக்கட்டு போட்டு, காலை ஸ்டூல் மேல் நீட்டி, கூடத்தில் உட்காரவைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா முதல் ஆளாக வந்து பார்த்தாள். காலைப் பார்த்த நேரத்தைவிட வாத்துகளைப் பார்த்த நேரம் அதிகம்.

"சாராளக்கா, இதுங்களோட உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? என்னாண்ட குடுத்துடு. இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை ஊத்துக்கோட்டைல எங்க அண்ணன் ஊட்ல காதுகுத்து, ராத்திரி விருந்து. மொளகு நல்லா தட்டிப் போட்டு வறுத்தா, அய்யோ நைனா!"

"இட்டுக்கினு போ. கண்ணுல முழிக்கவே புடிக்கல," என்றாள் சாராள்.

அழுதால் வாத்துக்கு அழுகிறாள் என்று ஊரே சிரிக்கும் என்பதால் கிறிஸ்டினா அழவில்லை.

"அத்த, அதுங்க உள்ள வராம நான் பழக்கிட்டா?"

"வாத்துக்குப் பாடம் எடுக்கப் போறியா?"

"ஆமா அத்த."

சாராள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பழக்கிக்கோ. அதுக்கப்புறம் ஊட்டுக்குள்ள கால் வெச்சுதுங்க, கங்கம்மா கூடைதான்."

"கூடைலாம் எதுக்குக்கா, சாக்கே போதும்," என்றாள் கங்கம்மா.

பழக்கும் முறையைக் கிறிஸ்டினா போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் வீடியோவில் பார்த்திருந்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு பொத்தான், பேர் கிளிக்கர். அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். வாத்து சரியான காரியம் செய்த அந்த நொடியில் டிக் என்று அழுத்தி, உடனே தீனி கொடுக்க வேண்டும். தப்புச் செய்தால் திட்டக் கூடாது, விரட்டக் கூடாது. பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். ஆன்லைனில் ஒன்று வாங்கினாள். பின்வாசலுக்கு வெளியே பழைய சாக்கு ஒன்றை விரித்து, வேகவைத்த பட்டாணிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். சாக்கில் நின்றால் டிக், பட்டாணி. அவ்வளவுதான் பாடம்.

முதலில் அவளால் முடியவில்லை. ஷிப்டு சாக்கை மிதித்த நொடி அவள் கண்ணில் படவே இல்லை. அது கிண்ணத்தைக் கவிழ்த்தது, துணியைக் கடித்தது, ஓவர்டைமின் வாலைப் பிடித்து இழுத்தது எல்லாம் பட்டது. சரியானதைப் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று அவளுக்கே உறைத்தது. ரிஜெக்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று இப்படி ஆயிற்றா, இல்லை பிறந்ததிலிருந்தே இப்படியா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓவர்டைம் இரண்டு காலையும் சாக்கில் வைத்து அவளை அண்ணாந்து பார்த்தது. டிக். பட்டாணி. கிறிஸ்டினாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாத்துக்கு எப்படி இருந்ததோ தெரியாது; அதுவும் கழுத்தை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றியது.

ஒரு வாரத்தில் இரண்டும் சாக்கே கதி என்று ஆகிவிட்டன. அப்போதுதான் ஷிப்டு, கிளிக்கரைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீர் பேசினில் போட்டது. உள்ளேயிருந்த தகடு துருப்பிடித்து, அழுத்தினால் நமத்த அப்பளம் மாதிரிச் சத்தம் வந்தது.

கிளிக்கர் இல்லாவிட்டால் வாயாலும் சத்தம் கொடுக்கலாம், ஆனால் வீட்டில் வேறு எங்கும் கேட்காத சத்தமாக இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரப் பெண்மணி சொல்லியிருந்தாள். கிறிஸ்டினா அதை அக்கறையாகத்தான் யோசித்தாள். விசில் அடிக்க வராது. சொடக்குப் போட்டால் பட்டாணி சிந்தும். தான் ஒருநாளும் போடாத சத்தம் எது என்று தேடினாள். யாரையும் பார்த்துத் தான் உச்சுக் கொட்டியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. 'த்ச்' என்று போட்டுப் பார்த்தாள். வாத்துகள் தலையைத் தூக்கின. அடடா, எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். தன் வாயை மட்டுமே யோசித்தோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான்கு நாளில் 'த்ச்' என்றால் பட்டாணி என்று வாத்துகளுக்கு ஐயமறத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள் சாயங்காலம் சாராள் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மாமியார்க்காரி, மருமகள் குடிக்கப்போகும் பாலில் எதையோ கலந்தாள்.

"த்ச்," என்றாள் சாராள்.

பின்வாசல் வழியாக இரண்டு வாத்துகளும் இறக்கையடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து, ஸ்டூலுக்கு முன்னால் நின்று, அவளை அண்ணாந்து பார்த்தன.

"த்ச்! இதுங்க எங்க வந்துச்சுங்க?"

ஒரு அடி நெருங்கி வந்தன.

"த்ச், த்ச், போ! கிறிஸ்டினா! த்ச்!"

இத்தனை முறை சபாஷ் வாங்கிய ஷிப்டு, தான் ஏதோ பெரிய காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று நம்பி, மாவுக்கட்டின் மேலேயே ஏறி நின்றது. கிறிஸ்டினா ஓடிவந்து இரண்டையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இதான் நீ பழக்கின லட்சணமா? முன்னாடியாவது எப்பவாவது வரும். இப்போ வாடகை குடுத்தவ மாதிரி வருது! ஞாயித்துக்கிழமை கங்கம்மா வரட்டும், அவ்ளோதான்."

ராத்திரிச் சாப்பாட்டின்போது கிறிஸ்டினா ஜோசப்பிடம் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காதீங்க. உங்க அம்மாவாண்ட சொல்லுங்க, உச்சுக் கொட்ட வேணாம்னு."

"நானா? நீ சொல்லு."

"நான் எப்டி சொல்வேன்?"

"வாத்தே சொல்லிக்கினு கீதே," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

சொல்வதற்கு வாக்கியம் தேடினாள். 'அத்த, நீங்க உச்சுக் கொட்டும்போது...' என்று மனதுக்குள் தொடங்குவாள். அதற்குமேல் வாத்துகளைப் பற்றிய பேச்சாக அது இருக்காது என்று தெரிந்து நிறுத்திவிடுவாள். ஞாயிறும் வந்துவிட்டது.

ஜோசப் ஷிப்டுக்குப் போயிருந்தான். வாத்துகளைக் குளியலறையில் அடைத்து வைத்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் சபையின் மாதர் சங்கத்துப் பெண்கள், தலைவி ஞானம்மாவோடு சாராளின் காலை விசாரிக்க வந்தார்கள். ஹார்லிக்ஸ் ஒன்று, பன் பாக்கெட் நான்கு. அவர்களுக்குப் பின்னாலேயே சாக்கைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு கங்கம்மாவும் வந்து வாசற்படியில் நின்றாள்.

ஞானம்மா காலைத் தடவி ஜெபம் செய்தாள். வலி எப்படி, வீக்கம் எப்படி, மாத்திரை எப்படி என்று கேட்டாள். பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும், டீ கொண்டுவந்த கிறிஸ்டினாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"உனுக்கு இன்னும் விசேஷம் எதுவும் இல்லியாம்மா?"

"இல்லீங்க."

கூடம் முழுக்க அத்தனை வாயும் ஒரே நேரத்தில் உச்சுக் கொட்டியது.

குளியலறையின் பிளாஸ்டிக் கதவு படாரென்று திறந்துகொண்டது. வாத்துகள் கூடத்துக்கு வந்து திகைத்து நின்றன. இத்தனை பேர் பாராட்டி அவை பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், முதலில் ஞானம்மாவிடம் போய்ப் புடவைக் கொசுவத்துக்குள் தலையை விட்டன.

"ஏசுவே!" என்று ஞானம்மா நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டாள். விசேஷத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு போயிற்று. கிறிஸ்டினா தட்டில் டீ ததும்ப நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சார்பில் யாரோ பேசியதுபோல உணர்ந்தாள்.

"பாத்தியா கங்கம்மா? உள்ள வந்துடுச்சுங்க. இட்டுக்கினு போ," என்றாள் சாராள்.

கங்கம்மா சாக்கை உதறித் தரையில் விரித்தாள். அடுத்த நொடி இரண்டு வாத்துகளும் ஓடிப்போய் அதன் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்று, மார்பை நிமிர்த்தி, அவளை அண்ணாந்து பார்த்தன.

"அட! புடிக்கவே வேணாம்போல. அதுங்களே வந்து நிக்குது!"

சொல்லிக் கொடுத்ததை இவ்வளவு நன்றாகச் செய்கின்றனவே என்ற பெருமையும், இதைப் போய்ச் சொல்லிக் கொடுத்தேனே என்ற வேதனையும் கிறிஸ்டினாவுக்கு ஒன்றாக வந்து, தட்டில் டீ ஓரமாகச் சிந்தியது.

கங்கம்மா குனிந்தாள். அவற்றின் அண்ணாந்த முகத்தைப் பார்த்த ஒரு பெண், "த்ச் த்ச், பாவம்," என்றாள். வாத்துகள் சாக்கை விட்டுத் துள்ளி அவளிடம் ஓடின. அவள் பதறிப்போய்ப் பன்னைக் கிள்ளிப் போட்டாள். தின்றுவிட்டுத் திரும்ப ஓடிவந்து சாக்கில் நின்றன. கங்கம்மா மறுபடி குனிந்தாள்.

"த்ச், நிக்கறதப் பாரேன், இஸ்கூல் புள்ளைங்க மாதிரி," என்றாள் இன்னொருத்தி. வாத்துகள் அவளிடம் ஓடின. பன். சாக்கு. கங்கம்மா குனிந்தாள். த்ச். ஓட்டம். பன்.

"த்ச்!" என்று எரிச்சலில் கங்கம்மாவே கொட்டிவிட்டாள். இரண்டும் அவள் காலடியில் வந்து நின்று வாயைத் திறந்தன.

"இன்னாக்கா இது? மந்திரம் வெச்ச வாத்தா?" என்று அலறினாள்.

இனி மறைக்க முடியாது. கிறிஸ்டினா தட்டைக் கீழே வைத்தாள்.

"உச்சுக் கொட்டினா தீனி தருவாங்கன்னு பழக்கிட்டேங்க. அதுங்களுக்கு அது திட்டு இல்ல. சபாஷ்னு அர்த்தம்." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அத்த கொட்டும்போதெல்லாம், தங்கள மெச்சிக்கிறாங்கன்னு நெனச்சுத்தான் உள்ள வருதுங்க."

கூடத்தில் அத்தனை பேரும் நாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாராள் வாத்துகளைப் பார்த்தாள். அவை சாக்குக்குத் திரும்பியிருந்தன. தன் நாக்குக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்க முடியும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"அப்டியே வாய மூடிக்கினு இருங்க எல்லாரும்," என்றாள் கங்கம்மா. அமைதியாகக் குனிந்து சாக்கின் நான்கு முனைகளையும் பிடித்தாள். வாத்துகள் அசையவில்லை. தாங்கள் சரியாகத்தான் நிற்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியும். முனைகள் மேலே எழுந்தன. ஓவர்டைமின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"த்ச்."

சாராள்தான். இரக்கமா, எரிச்சலா, கூப்பிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாத த்ச். சாக்கு கங்கம்மாவின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டது. வாத்துகள் ஸ்டூலுக்கு முன்னால் வந்து சேர்ந்தன.

"இன்னாக்கா நீயே இப்டி?"

"உடு கங்கம்மா. உங்க அண்ணன் ஊட்டுக்குக் கோழி வாங்கிக்கோ," என்றாள் சாராள். பிறகு, யாரையும் பார்க்காமல், "இப்போ இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள்.

"தீனி தரணும் அத்த. கொட்டிட்டுத் தரலன்னா ஏமாந்துடும்."

சாராள் மடியிலிருந்த பன்னைப் பிய்த்தாள். ஷிப்டுக்கு ஒன்று. ஓவர்டைமுக்கு ஒன்று. கை பழக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைப் பிய்த்து நீட்டிவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கை நின்ற இடத்துக்கு நேரே கிறிஸ்டினா நின்றுகொண்டிருந்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் டீத்தட்டுக்குப் பக்கத்தில் இருந்தவள், அந்த ஒரு 'த்ச்'சுக்கு எப்போது ஓடிவந்து வாத்துகளோடு வரிசையில் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாராள் கையைப் பின்னால் இழுக்கவில்லை. கிறிஸ்டினா வாங்கித் தின்றாள். மேலே சர்க்கரை தூவிய பன்.