ஆலைச் சந்து வாசலில் ஒரு வரிசை

வாசலில் தொங்கிய பலகையை இரண்டு முறை படித்தேன். "உங்கள் வருகை அனுபவத்தை மேலும் சிறப்பாக்க இந்த வாசல் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதன் கீழே ஒரு டைனோசர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. வருந்துகிறார்களாம்! வருந்துகிறவர்கள் எதற்காக இவ்வளவு தடிமனான சங்கிலி வாங்கினார்கள்?

தார்ன்மியர் மாளிகைத் தோட்டத்துக்குள் போக எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆலைச் சந்து வாசல்தான் வழி. மாளிகையில் பிரபு இருந்த காலத்தில் அதற்குப் பூட்டே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஊரே அந்த வழியாக ஏரிக்கரைக்குப் போகும், வாத்துகளைப் பார்க்கும், திரும்பும். இப்போது பிரபுவின் பேரன் மாளிகையையும் ஏரியையும் ஏதோ ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெயில் அடிக்கும் நாடாகப் பார்த்துப் போய்விட்டான். கம்பெனி அதைக் குடும்பப் பூங்கா ஆக்கியிருக்கிறது.

சக்கர நாற்காலியில் என் கணவர் நார்மன் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளி, கம்பளி மேல் முட்டை சாண்ட்விச் டப்பா, கால் பக்கத்தில் டீ பிளாஸ்க். மே மாத விடுமுறை வாரம் என்றால் எங்களூரில் தூறாமல் இருக்குமா? அவருடைய தொப்பியில் துளிகள் சேர ஆரம்பித்திருந்தன.

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்றார் நார்மன்.

"பூட்டியிருக்கு."

"ஓ," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஏன் நிறுத்திட்டாங்க?"

நார்மன் சுற்றுலா பஸ் ஓட்டியவர். கடற்கரை, கோட்டை, ரோஜாத் தோட்டம் என்று இந்த ஊரில் பாதிப் பேரை ஒரு நாளாவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர். செவ்வாய்க்கிழமை அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறேன். என்னால் இனி தூக்கிப் படுக்க வைக்க முடியவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார், என் இடுப்பும் சொல்லிவிட்டது. குளிர்காலத்திலிருந்தே நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் என்னை "மிஸ்" என்று கூப்பிடுகிறார். ஏரிக்கரைக் கஷ்கொட்டை மரத்தடி பெஞ்சில் மட்டும், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, சில ஞாயிறுகளில் திடீரென்று திரும்பி, "பெரில், டீ ஆறிடப் போகுது," என்பார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, மறுபடி தண்ணீரைப் பார்ப்பார். எனக்கு அது போதும். என் இடுப்பு வலியால் இரண்டு மாதமாக வரவே முடியவில்லை; இன்று கடைசி ஞாயிறு. அந்தப் பெயரை இன்னொரு தடவை கேட்கத்தான் வந்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பச்சை மேலங்கி போட்ட பெண் ஒருத்தி, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வேகமாக வந்தாள். சட்டையில் 'ஜெம்மா, மேலாளர்' என்று எழுதியிருந்தது.

"மேடம், இந்த வழியா வர முடியாதுங்க. மெயின் கேட்டுக்குப் போங்க."

"எப்படிப் போறது?"

"ரோட்டுல வலது பக்கம் திரும்பி நேரா போனீங்கன்னா..."

"அந்த ரோட்டுல நடைபாதை கிடையாது. லாரி பறக்கிற ரோடு. இவரைத் தள்ளிக்கிட்டு லாரிக்கு நடுவுல போகச் சொல்றியாம்மா?"

"பார்க்கிங் மைதானத்துலேருந்து எங்க வேன் இருக்கு மேடம்."

"அதுல சக்கர நாற்காலி ஏறுமா?"

"அந்த வசதி அடுத்த சீசன்ல வருது."

"இவருக்கு அடுத்த சீசன் கிடையாது."

"ரொம்ப சாரி மேடம். டிக்கெட் ஆன்லைன்ல எடுத்திருக்கீங்களா? இன்னிக்கு எல்லாமே தீந்து போச்சு."

"சாரி சொல்றதுக்குத்தான் பலகை மாட்டி வச்சிருக்கீங்களே, நீயும் எதுக்கு சொல்ற? தயவு பண்ணி கதவைத் திற. அரை மணி நேரம் பெஞ்சில உக்காந்துட்டு வந்துடறோம்."

"எனக்கு அந்த அனுமதி இல்ல மேடம்."

எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். எனக்கு அப்போது மரியாதை தலைக்கேறிவிட்டது.

"ரொம்ப நன்றி," என்றேன். "உனக்கு ஆட்சேபணை இல்லைன்னா நாங்க இங்கயே நிக்கிறோம்."

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க மேடம்," என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை டைனோசரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

நின்றேன். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, பூட்டையே முறைத்துக்கொண்டு நின்றேன். சங்கிலியை வாயாலேயே கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது.

எதிர்ப்புறத்தில்தான் அவர்களுடைய பார்க்கிங் மைதானம். கார்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது நகரத்துக் குடும்பம் ஒன்று. மழைக்கோட்டு போட்ட மூன்று பிள்ளைகள், தோளில் பை தொங்கும் அம்மா, க்ரெய்க் என்று பெயர் சொன்ன அப்பா. வேன் நிற்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி மைதானத்தின் மூலையில் இருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்? பூட்டிய வாசலுக்கு முன்னால் ஒரு கிழவி அசையாமல் நிற்பதைத்தான் பார்த்தார்கள்.

"வரிசையில கடைசி நீங்கதானே?" என்றார் க்ரெய்க்.

"எனக்குப் பின்னால யாருமில்ல," என்றேன். அது உண்மைதானே.

அவர்கள் எனக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு ஜோடி. அப்புறம் இரண்டு கார் நிறைய அத்தை மாமாக்கள். ஒருவர் நின்றால் போதும், எங்கள் நாட்டில் பின்னால் இன்னொருவர் வந்து நின்றுவிடுவார். எதற்காக நிற்கிறோம் என்று முன்னால் இருப்பவரைக் கேட்பது அநாகரிகம். கேட்டால் இடம் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்கள். வரிசை மைதான வேலியோரமாக வளைந்து சந்துக் கோடியில் இருக்கும் பாலத்தைத் தொட்டது. குடைகள் விரிந்தன, யாரோ மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று கை மாறி மாறி என்னிடம்கூட வந்து சேர்ந்தது. கம்பெனியின் வேன் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்தது. உள்ளே இருந்தவர்கள் வரிசையைப் பார்த்துப் பதறி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தலையைக் குனிந்தபடி பின்னால் போய் நின்றார்கள்.

வின்னி வந்தாள். சர்ச்சிலிருந்து திரும்பி வருகிறவள், கைப்பையோடு. நார்மன் ஓட்டிய காலத்தில் பஸ்ஸின் முன் சீட்டு எப்போதும் அவளுக்குத்தான்.

"என்ன பெரில், ராணி வர்றாங்களா என்ன?"

"வாசலைப் பூட்டிட்டாங்க வின்னி. நார்மனை ஏரிக்குக் கூட்டிட்டுப் போக விட மாட்டேங்கிறாங்க. செவ்வாய்க்கிழமை அவரை இல்லத்துல சேர்க்கிறேன்."

அவள் சங்கிலியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "நாசமாப் போறவனுங்க," என்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

"எங்க போற? எங்ககூட நில்லு."

"வரிசையில நடுவுல புகச் சொல்றியா? நல்லா இருக்கே!" என்று பாலம் வரை போனாள். போகிற வழியெல்லாம் ஒவ்வொருவரிடமும் நின்று விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனாள் போலிருக்கிறது. ஏனென்றால் ஜெம்மா திரும்பி ஓடிவந்தபோது வரிசையின் முகமே மாறியிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! இது வரிசை இல்ல! மெயின் கேட் காலியா இருக்கு, போன உடனே உள்ள விட்டுடுவாங்க!"

யாரும் அசையவில்லை.

"இது வரிசை இல்லன்னா நாங்க என்ன பண்ணிட்டிருக்கோம்?" என்றார் க்ரெய்க்.

"சார், நீங்க தப்பான இடத்துல நிக்கிறீங்க. வேன் தயாரா இருக்கு."

"இவ்வளவு நேரம் நின்னுட்டு இப்ப இடத்தை விட்டுட்டு இன்னொரு இடத்துல போய்க் கடைசியில நிக்கணுமா?"

"அங்க கடைசியே இல்ல சார், யாருமே இல்ல!"

"அதெப்படி? அந்தம்மா எனக்கு முன்னாடி வந்தாங்க. அவங்க உள்ள போகாம நான் எப்படிப் போறது?"

"அவங்ககிட்ட டிக்கெட்டே இல்ல!"

க்ரெய்க் நார்மனைக் குனிந்து பார்த்தார், தொப்பி நனைந்து சாய்ந்திருந்ததைச் சரி செய்தார். "ரொம்ப சாரிங்க," என்றார் ஜெம்மாவிடம், பற்களைக் கடித்துக்கொண்டு. "நாங்க காத்திருக்கோம்."

பின்னாலிருந்து, "காத்திருக்கோம்," என்று குரல்கள் வந்தன. எல்லாம் அடங்கிய, மரியாதையான, கொலைவெறிக் குரல்கள். ஜெம்மா காதில் மாட்டியிருந்ததில் யாரிடமோ பேசினாள். திரும்பி நின்று பேசினாள். கடைசியில் சாவியை எடுத்தாள்.

"இன்னிக்கு மட்டும் மேடம். ஒரு விதிவிலக்கா."

கல்யாணமான நாளிலிருந்து நான் நடந்த வழிக்கு எனக்கு விதிவிலக்கு தருகிறாள்! அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், வரிசையும் பின்னாலேயே வந்தது.

ஏரிக்கரைத் திருப்பத்தில் என் கால் நின்றுவிட்டது. கஷ்கொட்டை மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது, அதற்கு ஊதா வர்ணம் பூசிக் காளான் மாதிரி ஆக்கியிருந்தார்கள். பெஞ்ச் இருந்த இடத்தில் வீட்டு உயரத்துக்கு ஒரு டைனோசர் நின்றது. யாராவது பக்கத்தில் போனால் வாயைத் திறந்து உறுமியது. தண்ணீரில் வாத்துக்குப் பதிலாக அன்னம் மாதிரி செய்த பிளாஸ்டிக் படகுகள். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது.

டைனோசர் உறுமியது. நார்மன் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"ஒண்ணுமில்ல, பொம்மைதான்," என்றேன். டப்பாவைத் திறந்து சாண்ட்விச்சை நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. நாற்காலியைத் தண்ணீர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"மிஸ்," என்றார், "இது தப்பான இடம்."

விருட்டென்று திரும்பினேன். ஜெம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"இங்க இருந்த பெஞ்ச் எங்க?"

"எந்த பெஞ்ச் மேடம்?"

"எந்த பெஞ்சா?" என் குரல் எனக்கே தெரியாத உயரத்துக்குப் போனது. "எந்த பெஞ்சுன்னு கேக்கறியா? இங்க ஒரு மரம் இருந்துது, அதுக்குக் கீழ பெஞ்ச் இருந்துது, அதுல உக்காந்தா இவருக்கு என் பேரு ஞாபகம் வரும்! அதை எங்கடி தூக்கிப் போட்டீங்க? எந்தக் குப்பைத்தொட்டியில போட்டீங்க சொல்லு, நான் போய் எடுத்துக்கறேன்! யாருக்கு வேணும் உங்க டைனோசர்? யாரு கேட்டா?"

ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது. வரிசையில் வந்தவர்கள் எங்களுக்குப் பின்னால் கூட்டமாக நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. இன்னும் கத்தியிருப்பேன். ஆனால் நார்மன் நாற்காலியின் இரண்டு கைகளிலும் ஊன்றி எழுந்துகொண்டிருந்தார்.

யார் உதவியும் இல்லாமல் எழுந்தார். தொப்பியைச் சரி செய்தார்.

"எல்லாரும் வண்டிக்கு வாங்க!" என்றார். கடைசி சீட் வரை கேட்கும் அந்தப் பழைய குரல். "இங்க பாக்க ஒண்ணுமில்ல. கிளம்பலாம்."

முதலில் நகர்ந்தது வின்னிதான். "டிரைவர் கூப்பிடறார்," என்று கைப்பையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து நார்மன் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால், வரிசையில் வந்து சேர்ந்திருந்த ஊர் வயசாளிகள் இரண்டு மூன்று பேர். அப்புறம் க்ரெய்க், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு. வரிசை தானாக அமைந்தது. எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தெரியும்?

நார்மன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வரிசையின் முடிவு வரை போனார். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"ஒருத்தர் குறையுது," என்றார்.

"எல்லாரும் இருக்கோம் நார்மன்," என்றாள் வின்னி.

"இல்ல. பெரில் வரல."

நான் அவருக்குப் பின்னால், நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"சார், இவங்கதான்..." என்று ஜெம்மா வாயெடுத்தாள்.

"நீ ஏறி உக்காரும்மா," என்றார் நார்மன். "எங்க போனாலும் அவ லேட்டுதான். கடையில ஏதாவது பாத்துட்டு நிப்பா. எவ்வளவு நேரமானாலும் சரி, பெரில் வராம வண்டிய எடுக்க மாட்டேன்."

டைனோசர் உறுமியது. யாரும் அசையவில்லை. வின்னி என்னைப் பார்த்தாள், கண்ணால் வரிசையின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

கைப்பிடியை விட்டேன். வின்னியைத் தாண்டி, க்ரெய்க்கைத் தாண்டி, எல்லோரையும் தாண்டி நடந்து போய்க் கடைசியில் நின்றேன். நார்மன் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். விரல் என்னிடம் வந்து நின்றது.

"லேட்டு பெரில்," என்றார்.

"சாரி நார்மன்."

"சரி சரி, ஏறு. டீ ஆறிடப் போகுது."