எடை பார்த்துப் போட்ட ஜோடி

காது பரிசோதனை செய்யும் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. சுவரெல்லாம் தடித்த பஞ்சு மெத்தை. கதவைச் சாத்திவிட்டால் வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் அவள் மெஷினில் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவாள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சிலர் கேட்காமலே அழுத்துவார்கள், மகள் பக்கத்தில் நிற்கிறாளே என்று. அவளுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

விவாகரத்துக்குப் பிறகு அவளுடைய நாட்கள் இந்த அறைக்கும் மூன்றாவது மாடியிலிருந்த வாடகை வீட்டுக்கும் நடுவே கழிந்தன. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பாள், தூங்குவாள், திரும்பவும் தூங்குவாள். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்குத்தான் இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊரில் 'ஊர்சுற்றிகள் சங்கம்' என்று ஒன்று இருக்கிறது, மாதம் இரண்டு ஞாயிறு மலை, காடு, ஏரி என்று எங்காவது கூட்டிப் போவார்கள், போய்ப் பாருங்களேன் என்று நச்சரித்து, கடைசியில் அவளைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

சங்கத்தை நடத்தியவர் ஒரு மாட்டு டாக்டர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் அவருக்குப் பெயரே விசில் என்றாகிவிட்டது. முதல் தடவை ஒரு குன்று ஏறினார்கள். அவள் குதிகாலில் கொப்புளம் வந்து, அடுத்த வாரம் முழுக்கச் செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டாம் தடவை சைக்கிள். அன்று ராத்திரி பல வருஷங்களுக்குப் பிறகு மாத்திரை போடாமல் தூங்கினாள். அதற்காகவே மூன்றாம் தடவையும் போனாள்.

மூன்றாவது தடவை ஏரி. கரையில் இரண்டு பேர் உட்காரும் துடுப்புப் படகுகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அவள் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரில் ஒருத்தி அதே ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அது வாலு.

வாலு அவளுடைய நாத்தனார். முன்னாள் நாத்தனார் என்று சொல்வதா, அப்படி ஒரு உறவு உண்டா என்று அவளுக்கு அன்று வரை தெரியாது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது வாலு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேருக்கும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது. சினிமா, கடைத்தெரு, மொட்டை மாடி அரட்டை எல்லாம் சேர்ந்துதான். நீ என்னைக் கட்டிக்கிட்டியா என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டியா என்று அவள் கணவன் கேலியாகக் கேட்பான். பின்னாளில் அதையே கேலி இல்லாமலும் கேட்டான்.

அடிதடி, குடி, வேறொருத்தி என்று எதுவும் இல்லாத விவாகரத்து அது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல வாழ்ந்து பார்த்துவிட்டு, இனிமேல் முடியாது என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள். அவள் வெளியேறிய பிறகு வாலு தினமும் போன் செய்தாள். கொஞ்ச நாள் இவள் எடுத்துப் பேசினாள். பிறகு எடுப்பதைக் குறைத்தாள். பிறகு நம்பரையே மாற்றினாள், வீட்டையும் மாற்றினாள். வாலுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றால் கூட்டி வந்த இரண்டு வேன்களும் போய்விட்டன, சாயங்காலம்தான் வரும். அதற்குள் விசில் எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்து ஜோடி போட ஆரம்பித்திருந்தார். எடை பார்த்துத்தான் போடுவாராம், கனமானவர் பின்னால், லேசானவர் முன்னால். விரலை இவள் பக்கம் நீட்டினார், அப்புறம் வாலு பக்கம் நீட்டினார். மற்ற எல்லாரும் கணவனும் மனைவியுமாக, ஆபீஸ் நண்பர்களாக ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தார்கள். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவள் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. எதிர்க்கரையில் ஒரு மரத்தடியில் சாப்பாடு, அதுவரை துடுப்புப் போட வேண்டும். இடது, வலது என்று ஒருவர் சொன்னால்தான் படகு நேராகப் போகும் என்று விசில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. படகு செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

ஏரியின் நடுவுக்கு வந்தபோது காற்று பிடித்துக்கொண்டது. பலமான காற்றொன்றும் இல்லை, ஆனால் வாய் பேசாத படகுக்கு அது போதுமானதாக இருந்தது. தள்ளிக்கொண்டு போய் ஒரு மூலையில், ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த நாணலுக்குள் செருகிவிட்டது. வாலு துடுப்பை ஏரியின் அடியில் ஊன்றி முழு பலத்தோடு தள்ளினாள். படகு நகர்ந்தது. துடுப்பு நகரவில்லை. சேற்றில் கொடிக்கம்பம் போல நட்டுக்கொண்டு நின்றது. அதைப் பிடிக்க வாலு எட்டிச் சாய்ந்தாள். படகும் கூடவே சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வழிந்தது.

"அண்ணி!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உடம்பை எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டாள். படகு இரண்டு முறை ஆடிவிட்டு அடங்கியது. வாலு அடிப்பலகையில் சுருண்டு உட்கார்ந்து இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நீச்சல் தெரியாம எதுக்கு ஏரிக்கு வந்தே என்று அவள் கேட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுவதாகவும், நாள் பூரா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து இடுப்பு போய்விட்டதாகவும், யாரோ இந்தச் சங்கத்தைச் சொன்னதாகவும் வாலு சொன்னாள். அண்ணி இருப்பது தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"எனக்கு மார்ல கட்டி வந்துது," என்றாள் வாலு. "ஒண்ணுமில்லாத கட்டிதான். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் அது தெரியாதில்ல? அம்மாகிட்டச் சொன்னா அவங்க படுத்துடுவாங்க. அண்ணன்கிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றது? ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து உங்களுக்குத்தான் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னா ஒரு பொம்பளை. திருப்பித் திருப்பிப் போட்டேன். அவளும் திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னா."

அவள் தன் துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

"நீ சிரிச்சா உங்க அண்ணன் சிரிக்கற மாதிரியே இருக்கும். போன்ல நீ ஹலோன்னு இழுக்கறதுகூட அவர் இழுக்கறதுதான். வேற யாருக்கும் தெரியாது. நாள் முழுக்கக் காதுலயே வேலை செய்யறவ, எனக்குத் தெரியும். உன்கிட்டப் பேசிட்டு போனை வச்சப்புறம் ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் ஆகும் எனக்கு எந்திரிச்சு நடமாட. அதான் மாத்தினேன்."

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

அதற்கு மேல் நியாயம் எதுவும் அவள் சொல்லவில்லை. வாலு மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கப் போனால் படகு ஆடும். அதனால் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொள்ள வாலுவுக்குச் சிறிது நேரம் ஆயிற்று. பிடித்ததும் விரல் வலிக்கும் அளவுக்குப் பிடித்தாள். அப்படியே, இப்போது வீட்டுக்கு ஒரு புது அண்ணி வந்திருப்பதைச் சொன்னாள். நல்லவங்கதான், ஆனால் சினிமா என்றாலே தலைவலி என்பார்களாம்.

பிறகு துடுப்பை எடுக்க வேண்டியிருந்தது. அவள் ஜாக்கெட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு மெதுவாகத் தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவுதான் இருந்தது, ஆனால் கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. ஒரு ஷூவைச் சேறு பிடுங்கிக்கொண்டது. அதை அதற்கே விட்டுக்கொடுத்தாள். நாணலைப் பிடித்துப் பிடித்துப் போய்த் துடுப்பை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். படகைத் தள்ளப் பார்த்தால், வாலு உட்கார்ந்திருக்கும் வரை அது நகராது போலிருந்தது.

"இறங்கு. என்னைவிட நீ உசரம், உனக்கு இடுப்புக்கும் கீழதான் வரும்."

"பாம்பு இருந்தா?"

"நம்ம ரெண்டு பேர் சண்டையைக் கேட்டு எப்பவோ ஓடியிருக்கும்."

வாலு சிரித்தாள். அவள் அண்ணனுடைய அதே சிரிப்புதான். அவள் நாணலைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். சிரிப்பு முடிந்தது, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, படகைத் தள்ளும் வேலை பாக்கி இருந்தது. வாலு கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, அவள் தோளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வழுக்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, படகைக் கரையோரமாகவே இழுத்துக்கொண்டு போனார்கள். நீ தள்ளுவதே இல்லை, சும்மா தொட்டுக்கொண்டு வருகிறாய் என்றாள் அவள். அண்ணிக்கு எப்பவுமே எல்லாம் தான் ஒருத்தியே செய்வதாக நினைப்பு என்றாள் வாலு.

பாதி வழியில் விசில் தேடிக்கொண்டு எதிரே வந்தார். முகம் வெளுத்திருந்தது. இருவரும் முழுசாக நடந்து வருவதைப் பார்த்ததும் வெளுப்பு போய்க் கோபம் வந்தது, நாணல் பக்கம் போகாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் இவர்கள் இருவரும் துடுப்பு யாரால் சிக்கியது என்று மறுபடி தொடங்கிவிட்டார்கள். அவர் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே தெரிஞ்சவங்களா?"

"சொந்தக்காரங்க," என்றாள் வாலு, படகைவிட்டுக் கையை எடுக்காமல்.

மரத்தடியில் ரொட்டியும் அவித்த முட்டையும் கொஞ்சம் மிச்சமிருந்தன. சேறு காய்ந்து இறுகிய உடையோடு உட்கார்ந்து இருவரும் அதைத் தின்று தீர்த்தார்கள். யாரோ ஒரு துண்டு கொடுத்தார்கள். வாலு முதலில் அண்ணியின் தலையைத் துவட்டிவிட்டு அப்புறம் தன் தலையைத் துவட்டினாள். சாயங்காலம் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தார்கள். இறங்கும்போது அவள் தன் புது நம்பரைச் சொன்னாள்.

எல்லாம் முன்பு போல் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. தினமும் பேசிக்கொள்வதில்லை. சில நாள் போன் மணி அடிக்கும்போது அவள் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவளே கூப்பிட்டு, இன்னிக்கு முடியலை, நாளைக்குப் பேசறேன் என்பாள். வாலு சரி என்று வைத்துவிடுவாள். ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு, விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் காலிப் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு மலையேறப் போனார்கள். செங்குத்தான ஒரு வளைவில் இருவரும் மற்றவர்களைவிடப் பின்தங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அப்போது அவளாகவே கேட்டாள்.

"உங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

வாலு பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள். எவ்வளவு சொல்லலாம் என்று யோசிப்பது தெரிந்தது.

"ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியாம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார். நடக்கமாட்டேங்கறான்."

"நடக்கமாட்டார்," என்றாள் அவள். "அடுத்த தெருவுக்கே வண்டி எடுக்கற ஆளு."

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். ஏறி வந்த இரைப்புதான் அது, மெல்ல அடங்கியது. மேலே விசில் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஊதினார். வாலு அங்கிருந்தே கையை ஆட்டி, அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் உட்காரணுமாம், நீங்க போங்க என்று பொய் சொன்னாள்.