தெய்வானை சாயும் தோள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தேய்ந்த தோளைக் கழற்றிக் கொடுத்தால், அது குணமாகும்வரை வேறொரு தோளை மாட்டி அனுப்புவார்கள். நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வருஷக்கணக்கில் அண்ணாந்து சீலிங் அடித்ததில் வலது தோள் மேலே எழ மறுத்தது. சட்டை மாட்டக்கூட முடியவில்லை.

டாக்டர் ரெஹானா தோளைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“குருத்தெலும்பு தேஞ்சு எலும்போட எலும்பு உரசுது. தசைநாரும் பாதி கிழிஞ்சிருக்கு. இங்கேயே இருக்கட்டும்.”

எனக்குக் கிடைத்தது ஓய்வுபெற்ற டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவரின் தோள். வலி துளியும் இல்லை. ஆனால் சும்மா இருக்காது. எது நகர்ந்து வந்தாலும் என் கையை உயர்த்திவிடும். லாரிகள் நின்றன. குடத்தோடு வந்தவர்கள் நின்றார்கள். வேலை செய்யும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது.

அதையெல்லாம் சமாளித்தேன். என் மனைவி தெய்வானைக்குத் திருச்சியில் டயாலிசிஸ். திரும்பும் பஸ்ஸில் என் வலது தோளில் சாய்ந்து தூங்குவாள். மறுநாள் அவள் எழுந்து நடமாடுவது அந்தத் தூக்கத்தால்தான். இப்போது அவள் தலை நெருங்கியதுமே என் கை உயர்ந்தது. அவள் தலை பாதியிலேயே அப்படியே நின்றது. டிரைவரும் பிரேக் போட்டார். வண்டி கிளம்பியதும் மறுபடி சாய்ந்தாள். மறுபடி பிரேக்.

“இடது பக்கம் வந்து உட்காரேன்,” என்றேன்.

“ஊசி குத்துன கை நசுங்கும்ங்க.”

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி விழித்தே வந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் தோள் வெந்நீர்ப் பையின் மேல் படுத்திருந்தது.

“இன்னும் ஆறல. இப்ப மாட்டினா கை மேல போகாது. சீலிங் அடிக்கவே முடியாது,” என்றார் டாக்டர்.

“வேற வேலை பாத்துக்கறேன். அவ தூங்கணும்.”

மாட்டினார். மணல் அரைபடுவது போன்ற சத்தத்தோடு பழைய வலி வந்து உட்கார்ந்தது.

அடுத்த முறை பஸ் திருச்சியைத் தாண்டுவதற்குள் தெய்வானை தூங்கிவிட்டாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. நான் அசையவில்லை. எங்கள் ஊர் வந்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டும் மருந்துக்கடையும் தண்ணீர்த் தொட்டியும் ஜன்னலோரமாகக் கூடவே வந்தன. அடுத்த ஊரான தொட்டியத்தைத் தாண்டும்போது எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி, பிறகு வேகமாக வந்து சேர்ந்துகொண்டது.