வெட்டம் பிடிக்கிறவர்

படகுக்காரன் சிபி தன் எஞ்சினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது செல்லையன் வந்து சாக்கின் மறுமுனையைப் பிடித்தார். தூக்கிவிடத்தான் வந்திருக்கிறார் என்று சிபி நினைத்தான். அவர் கயிற்றை அவிழ்த்துச் சாக்கை உருவிக் கீழே போட்டார்.

"அண்ணன் மன்னிக்கணும். சேச்சி அங்க கிடக்கச்ச இத எடுக்கியது செரியில்லண்ணு எனக்கும் தெரியும்," என்றான் சிபி. "நாளைக் காலத்த படகுல ஏற ஆளு உண்டு. களியக்காவிளையில ஒரு மெக்கானிக்க விளிச்சுச் சொல்லியாச்சு, அதாக்கும்…"

"கொண்டு போ. இத ஊரிட்டுக் கொண்டு போ."

"எத?"

செல்லையன் விரலை நீட்டினார். எஞ்சினின் கீழ்ப்பாதி மட்டும் பெஞ்சில் நிறுத்தியிருந்தது. பம்பின் மூடியை நேற்றே கழற்றியாகிவிட்டது. உள்ளே, நடுத்தண்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் சக்கரம். அதுதான் தண்ணீரை இழுத்து எஞ்சினைச் சூடாகாமல் வைத்திருப்பது. இம்பெல்லர் என்பார்கள். உப்புத் தண்ணீரில் ஓடி ஓடி, அது தண்டோடு இறுகிப் போயிருந்தது. அதைத்தான் கழற்றச் சொன்னார்.

செல்லையனுக்கு எஞ்சினில் எது தலை எது கால் என்று தெரியாது. முப்பது வருடமாக உதியன்குளங்கரையில் தையல்கடை வைத்திருப்பவர். கல்யாண ரவிக்கையும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் தொடுகிற கை, எண்ணெயைத் தொடாது. இந்தத் தகரக் கொட்டகை முழுக்க அவர் மனைவி விமலகுமாரியின் ராஜ்யம். பூவாறு படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கப் போனவள், மெக்கானிக் வராத ஒரு நாளில் தானே ஒரு எஞ்சினை அவிழ்த்துப் பார்த்தாள். அவிழ்த்ததோடு நில்லாமல் திரும்ப மாட்டி ஓடவும் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் காரோடு ஊர்ப் பக்கம் எந்தப் படகு நின்றாலும் எஞ்சின் இங்கேதான் வந்தது.

அவள் இப்போது முன்னறையில் குளிர்பெட்டிக்குள் கிடந்தாள். விடியும் முன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூட இருக்கவில்லை. மகள் ஜிஜா பெங்களூரில் விமானம் ஏறியாகிவிட்டது. மூன்று மணிக்கு வந்துவிடுவாள், நான்கு மணிக்கு எடுக்க வேண்டும். அப்போது மணி இரண்டு.

காலையிலிருந்து செல்லையன் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் போன் செய்தார். பந்தல்காரனுக்கு இடம் காட்டினார். கோடித்துணி எடுக்கப் போனவர்களிடம், "ரவிக்கை இறுக்கமா வேண்டாம், அவளுக்கு ஆவாது" என்றார். அழுகை மட்டும் வரவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், அவரும் கையைக் கொடுத்தார். யாருடைய கையோ என்பதுபோல இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயந்திரம் அவர் கடையடைத்து வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தபோது விமலகுமாரி கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள்.

"கேட்டியளா, இஞ்ச வந்து இத்திரி வெட்டம் பிடிச்சுத் தாங்க."

"குளிச்சாச்சு. நாளைக்குப் பிடிக்கேன்."

"ஓ, குளிச்ச மாப்பிள்ளைக்கு நாளைக்கே நேரம் ஒழியட்டும்," என்று சிரித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சோறு வைத்தாள். சோற்றில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று எப்போதும்போல அவர் முகம் சுளித்தார். எப்போதும்போல அவளும் காதில் வாங்கவில்லை.

இருபத்துநாலு வருடத்தில் அந்தக் கொட்டகைக்குள் அவள் அவரிடம் கேட்டது இது ஒன்றைத்தான். வெட்டம் பிடிப்பதென்றால் டார்ச் அடித்து வெளிச்சம் காட்ட வேண்டும், அவ்வளவே. தப்பான இடத்தில் அடித்துத் திட்டு வாங்குவார், ஆனாலும் போய்விடுவார். நேற்று மட்டும் போகவில்லை. அந்த ஒரு நாள் கடைசி நாளாகப் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. எஞ்சின் இப்படியே வண்டி ஏறிப் போய், வேறு எவனோ எங்கேயோ வைத்து இதை எடுத்தானென்றால், தான் சொன்ன 'நாளைக்கு' வராமலே போய்விடும் என்று நினைத்தார்.

"அண்ணனுக்கு ஊரத் தெரியுமா?" என்றான் சிபி.

"தெரியாது. பாத்திருக்கேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பலகையிலிருந்து இரண்டு ஸ்க்ரூடிரைவர்களை எடுத்தார். எது என்று யோசிக்கவில்லை. பச்சைப் பிடியும் உடைந்த பிடியும்தான் அவள் இதற்கு எடுப்பாள்.

"மக்கா, அந்த போன்ல வெட்டம் அடி."

சிபி அடித்தான். மத்தியானம் என்றாலும் கொட்டகைக்குள் இருட்டுத்தான். வெளிச்சம் பெஞ்சில் விழுந்து, தகரத்தில் ஏறி, செல்லையனின் கண்ணில் அடித்தது.

"எனக்க மூஞ்சியில இல்லலே. வேலையில அடி. இத்திரி கீழ… இன்னும் கீழ. ம், ஆடாத நில்லு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவருக்குப் பட்டது. சிபி வெளிச்சத்தை ஆட்டாமல் பிடித்திருந்தான்.

வாசலில் நிழல் தட்டியது. விமலகுமாரியின் தங்கை சுகுமாரி. காலையிலிருந்து எல்லாருக்கும் சேர்த்து அழுதவள் அவள்தான்.

"அத்தான்! ஆளுக வந்து கேட்டோண்டு நிக்குது. நீங்க இஞ்ச இருந்து என்ன செய்யிதிய?"

"நேத்து விளிச்சா. நாளைக்குப் பிடிக்கேண்ணு சொல்லிட்டேன்."

சுகுமாரி அவரையும் பார்த்தாள், பெஞ்சையும் பார்த்தாள். தகரக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனாள். முற்றத்தில் யாரிடமோ, "அத்தான் இத்திரி கிடக்காவ, தலைசுத்து," என்று அவள் சொல்வது கேட்டது.

இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு நெம்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கோணிக்கொள்ளும், தண்டில் கீறல் விழும். போன வருடம் இப்படி ஒன்று இறுகியபோது அவள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். டார்ச்சைப் பிடித்துப் பிடித்து அவருடைய கை மரத்துப் போனது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பவும் செய்தார்.

முனைகளைச் சக்கரத்தின் அடியில் செருகினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் ஒன்றாக அழுத்தினார்.

ஒரே நெம்பு. சக்கரம் தண்டை விட்டுச் சொத்தென்று மேலே வந்துவிட்டது.

செல்லையன் கையில் வைத்துப் பார்த்தார். ஆறு ரப்பர்ச் சிறகுகளும் ஒரே பக்கமாக மடங்கிக் கிடந்தன. கறுப்பாக எண்ணெய் சொட்டியது. சக்கரத்தைத் தண்டோடு பூட்டி வைக்கிற சிறு பித்தளைச் சாவி ஒன்று தண்டிலிருந்து நழுவி விழப் பார்த்தது. அதைப் பிடித்து, அவள் போல்ட்டுகளைப் போட்டு வைத்திருந்த ஹார்லிக்ஸ் மூடியில் போட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"சேச்சி நேத்தே மண்ணெண்ண விட்டு ஊறப் போட்டிருக்காவ அண்ணா. ராத்திரி எனக்கு போன் வந்தது." சிபி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நல்லா ஊறட்டும், நாளைக்கு வெட்டம் பிடிக்க ஆளு வரும், ஊரித் தாறேண்ணு சொன்னாவ."

செல்லையன் தலையை ஆட்டினார். சக்கரத்தைப் பெஞ்சில் வைத்தார், திரும்ப எடுத்தார், மறுபடியும் வைத்தார். இனி செய்ய ஒன்றுமில்லை என்பது விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவரே சாக்கை எடுத்து எஞ்சினைச் சுற்றினார். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

ஜிஜா வந்தபோது மணி மூன்றேகால். டாக்சியிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். செல்லையன் அவளுக்கு வழிவிட்டு நின்றார். பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அவள் அழுததைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, கோடி உடுத்தி, முற்றத்தில் வாழையிலைமேல் கிடத்தினார்கள். ரவிக்கை தளர்வாகத்தான் இருந்தது.

"வாய்க்கரிசி போடுயவிய வரணும்," என்று ஒருவர் குரல் கொடுத்தார். முதலில் செல்லையன்தான்.

அவருடைய கையைப் பார்த்த சுகுமாரி செம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டு ஓடி வந்தாள். "அய்யோ அத்தான், கையெல்லாம் கரி. கழுவுங்க."

அவர் தேய்த்தார். சோப்புதான் கறுத்தது.

"இதுக்குப் போவாது. மரத்தூள்ல என்னவோ சேத்துத் தேய்ப்பா."

"அது எங்க இருக்கு? எடுத்தோண்டு வாறேன்."

"அவளுக்காக்கும் தெரியும்," என்றார் செல்லையன்.

சுகுமாரி செம்பைக் கீழே வைத்தாள். பின்னால் வரிசை நின்றது. சிபி வண்டியை அனுப்பிவிட்டு வந்து கடைசியில் நின்றான். போனின் விளக்கை அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டிருந்தான். சாயந்திர வெயிலில் பைக்குள் அது எரிந்துகொண்டே இருந்தது.

செல்லையன் தட்டிலிருந்து அரிசியை அள்ளினார். நனைத்த பச்சரிசி, விரல் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறமானது. மண்ணெண்ணெய் மணத்தது. ஒரு தடவை போட்டார். இரண்டு தடவை போட்டார். மூன்றாவது தடவை போட்டபோது நாலைந்து அரிசி விழாமல் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தார். விழவில்லை. அடுத்து நின்ற ஜிஜா தட்டுக்காகக் கையை நீட்டியிருந்தாள். அவர் விரல்களை மடக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.