ஆறு மணிக்கு ஏறும் கோடு

எங்கள் ஆய்வகத்தில் என் எச்சிலுக்குத் தனி மரியாதை உண்டு. சிரிக்க வேண்டாம். மாடு, குதிரை, நாய், மனிதர் என்று யாருடைய எச்சில் வந்தாலும் அதில் கார்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. உடம்பு பதறும்போது கூடுகிற ஹார்மோன் அது. நிம்மதியாக இருக்கிற மனித உடம்பில் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது சாயச் சாய இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மருந்து கிட்டைத் திறந்ததும், அதோடு வருகிற சோதனை நீரைத் தவிர, எங்களில் ஒருவருடைய காலை எச்சிலையும் மாலை எச்சிலையும் சேர்த்து ஓட்டுவோம். எந்த விதியிலும் இல்லை, வழக்கமாகிவிட்டது. அந்த ஒருவர் பல வருஷமாக நான்தான். என் கோடு பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி வரும். மாடுகளின் பொறுப்பில் இருக்கிற சக ஊழியர் தாடி (வேறு பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை) எனக்கு 'பாறை' என்று பட்டம் வைத்திருந்தார். எனக்குப் பெருமைதான். இதில் பொய் அடக்கம் எதற்கு?

அப்படிப்பட்ட என் எச்சில் ஒருநாள் என் காலை வாரிவிட்டது.

பால் கறக்கும் புது இயந்திரத்தின் இரைச்சலை மாடுகள் தாங்குகின்றனவா என்று ஒரு பண்ணைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எச்சிலைச் சிறு சிறு குழிகளில் ஊற்றி ஓட்டுகிற எங்கள் தட்டில் கணக்கு தலைகீழ்: குழியில் மஞ்சள் அடர்ந்தால் நிம்மதி, வெளுத்தால் பதற்றம். என்னுடைய மாலைக் குழி தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"கிட் கெட்டுப்போச்சு," என்றேன்.

"கிட்டோட வந்த சோதனை நீரெல்லாம் சரியா இருக்கே," என்றார் தாடி.

"அப்ப ஃப்ரீசர்."

"அதே ஃப்ரீசர்லதான் மாட்டு எச்சிலும் இருந்துச்சு. அது அழகா வந்திருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நான் முறைத்தேன். கிட் விற்றவரைப் போனில் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவர் புதுப் பெட்டி அனுப்பினார். அதிலும் என் மாலைக் குழி வெளுத்தது. தாடி தன் எச்சிலைப் போட்டுப் பார்த்தார். மனிதருக்கு அழகான மஞ்சள்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன பிரச்சனை? நல்லாத்தான் இருக்கேன்."

வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா பஸ் ஓட்டிப் பணி ஓய்வு பெற்றவர். சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோனது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார், ஆறு மணிக்கு நான் வந்ததும் கிளம்பிவிடுவார். மாத்திரை, கைப்பயிற்சி, நடைப்பயிற்சி எல்லாம் நேரத்துக்கு நடக்கும். என் பராமரிப்பில் அப்பா தேறிக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தங்கைக்குத்தான் இருந்தது.

"கொஞ்ச நாள் அப்பாவ எங்கிட்ட அனுப்புக்கா," என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

அவள் வீட்டைப் பார்த்திருந்தால் நான் ஏன் அனுப்பவில்லை என்று புரியும். துவைத்த துணி சோபாவில், செருப்பு சமையலறையில். காலைச் சாப்பாடு மதியத்துக்கு வரும். நல்லவள், மனசு தங்கம், ஆனால் ஒரு செடியைக்கூட உருப்படியாக வளர்த்தவள் இல்லை. அவளிடமா அப்பாவை விடுவது?

அந்த நேரம் பார்த்துப் பண்ணையில் ஒரு வாரம் தங்கி மாடுகளிடம் எச்சில் எடுக்கிற வேலை வந்தது. எனக்கு ஒரு யோசனை தட்டியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தங்கையைக் கூப்பிட்டேன். "நான் ஊர்ல இல்லாத வாரம் நீ இங்க வந்து இரு. இந்த வாரம் நான் பாத்துக்கறப்ப அப்பாவோட எச்சில் எடுக்கறேன். அடுத்த வாரம் நீ எடு. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தடவ. யார்கிட்ட அவர் நிம்மதியா இருக்கார்னு அவர் உடம்பே சொல்லட்டும்."

"அக்கா, அப்பா என்ன மாடா?"

"நான் தோத்தா அப்பாவக் கூட்டிட்டுப் போ. நீ தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அவள் யோசித்தாள். "சரி. ஆனா எண்ணப் பாத்துட்டு மிஷின் கோளாறுன்னு சொல்லக் கூடாது."

"எண்ணோட நான் சண்டை போட்டதே இல்ல," என்றேன். கிட் விற்றவரை மறந்துவிட்டுத்தான் சொன்னேன்.

அப்பாவிடம் கேட்டபோது, "பஞ்சுதானே, குடு," என்று நாக்கை நீட்டினார். இரண்டு வாரமும் என் எச்சிலையும் வழக்கம்போல் இரு வேளை எடுத்து வைத்தேன்.

பண்ணையில் விடியுமுன் எழுந்தோம். கயிறு கட்டிய பஞ்சை மாட்டின் வாயில் கொடுத்து, அது மென்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். என் உடையெல்லாம் சாணம். ஒரு சிவப்புப் பசு என் சட்டைக் கையையும் சேர்த்து மென்றது. தங்கைக்குத் தினமும் போன் செய்தேன். மாத்திரை கொடுத்தாயா என்றால், "குடுத்தேன்னு நினைக்கிறேன்," என்பாள். பின்னால் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கட்டும், எண் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஓட்டினேன். தாடியும் வந்து பக்கத்தில் நின்றார். புது இயந்திரத்துக்கு மாடுகள் முதல் இரண்டு நாள் மிரண்டு, பிறகு பழகிவிட்டிருந்தன. பண்ணைக்காரருக்கு நல்ல செய்தி. அடுத்த வரிசைகளில் அப்பாவும் நானும் இருந்தோம்.

நான் வீட்டில் இருந்த வாரம், அப்பாவின் மாலைக் குழிகள் அத்தனையும் வெளுத்திருந்தன. தங்கை இருந்த வாரம் அத்தனையும் மஞ்சள். என்னுடையதும் அப்படியே: வீட்டில் வெளுப்பு, பண்ணையில் மஞ்சள். கணினியில் கோடாகப் போட்டால், அப்பாவுடையதும் என்னுடையதும் கைகோத்துக்கொண்டு மாலையில் ஏறின, அடுத்த வாரம் கைகோத்துக்கொண்டு இறங்கின.

தாடி எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். "டீ வாங்கிட்டு வரவா?" என்று மட்டும் கேட்டார். அதில்தான் எனக்கு அழுகை முட்டியது. தோற்றதுகூடப் பெரிதில்லை. நான் வீட்டுக்கு வருகிற நேரத்தில் என் அப்பாவின் உடம்பு பதறுகிறது. என்னைப் பார்த்து.

அன்று மாலை கதவைத் திறந்தபோது அப்பா முழுக்கைச் சட்டையில், தலை வாரி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பகல் நேரத்து அம்மாவை அனுப்பிவிட்டு, அவரை உட்கார வைத்து, கோடு போட்ட தாளை மேசையில் விரித்தேன்.

"இதுல எதும்மா நான்?"

"இதுப்பா. ஆறு மணிவாக்குல ஏறுது பாருங்க. நான் வர்ற நேரம். என்னப் பாத்தா பயமாப்பா உங்களுக்கு?"

"பயமா? போடி பைத்தியம்." ஒரு பக்கமாகச் சிரித்தார். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறியது. "அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடுவேன். இந்தச் சட்டை பட்டன் இருக்கே, இடது கையால போடறதுக்குள்ள உயிர் போயிரும். அந்தம்மா போட்டு விடறேன்னு வரும். விட மாட்டேன். நானே போட்டாத்தானே தேறிட்டார்னு நீ சந்தோஷப்படுவ. அப்புறம் தல சீவணும். அப்புறம் நிக்கணும். நீ கதவத் திறக்கறப்ப நான் நிக்கணும்ல."

உண்மைதான். தினமும் நின்றுகொண்டுதான் இருந்தார். நானும் தினமும், "பாத்தீங்களா, எப்படித் தேறிட்டீங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சியை ஆரம்பித்தேன். நோயுள்ள மாடு ஆள் வரும் அரவம் கேட்டால் எழுந்து நிமிர்ந்து நிற்கும், அந்த நிற்பை நம்பாதே, எச்சிலை எடு என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

"சின்னவ இருந்தப்ப?"

"அவளா? பனியனோட கிடந்தேன். அவ எதையும் பாக்க மாட்டா. ஒருநாள் மத்தியானச் சாப்பாடே நாலு மணிக்கு. ரெண்டு பேரும் தரைல சிந்திச் சிந்திச் சாப்பிட்டோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

"நானும் உடனே உள்ள வர மாட்டேன்பா," என்றேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வெளியவே நின்னு முகத்தத் துடைச்சுக்குவேன். களைச்சுப் போய் வந்தா உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு, சிரிச்ச முகமா வெச்சுக்கிட்டுத்தான் கதவத் திறப்பேன்."

அப்பா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்ல ஜோடிதான் போ," என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பந்தயத்துல தோத்துட்டேன்பா. ஞாயித்துக்கிழம சின்னவளை வரச் சொல்றேன். கொஞ்ச நாள் அவகூட இருந்துட்டு வாங்க."

"நான் போயிட்டா உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

இருக்காது, நான் நல்லாத்தான் இருப்பேன் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"இருக்கும்பா," என்றேன். "ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

"அப்பாடா," என்று அப்பா நாற்காலியில் சரிந்து சாய்ந்துகொண்டார். "அப்ப இந்தப் பட்டனெல்லாம் கொஞ்சம் கழட்டி விடும்மா. மூச்சு முட்டுது."