தலை தட்டிய மூடி

மூன்றாம் முறையும் என் மக்காச்சோளக் குருத்துகள் கருகிக் கிடந்தன. பாத்தியோரம் ஐந்தாம் புத்தகம் திறந்திருந்தது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு வழி சொல்லும் வேலைக்கான பயிற்சி. ஆனால் வகுப்பு கிடையாது, பன்னிரண்டு சிறு புத்தகங்கள்தான். அவரவர் வேகத்தில் படித்து, கொல்லையில் செய்து பார்த்து, சரியாக வந்தால்தான் அடுத்தது கைக்கு வரும். ஆண்டின் இரண்டாம் மழைக்காலம் தொடங்குமுன் பன்னிரண்டையும் முடித்தால் வேலை. என்னோடு தொடங்கியவர்கள் ஒன்பதாவதில் இருந்தார்கள்.

நான் டெச்சிமான் சந்தையில் அம்மாவின் பயறு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். காய்ச்சல் மாத்திரையைக்கூடப் பேரம் பேசாமல் விழுங்கியதில்லை. அதனால் பயிற்சியாளர் டுஃபியேவிடமும் பேசிப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“மேடம், நாலு புத்தகம் சுத்தமா முடிச்சிருக்கேன்ல? இந்த ஒண்ண மட்டும் விட்டுக் குடுங்க. ஆறாவதோட சேத்து செஞ்சிடறேன்.”

“ஏன்க்கா, இது என்ன தக்காளிக் கூடையா, அழுகல அடியில வச்சு விக்கறதுக்கு?” சிரித்தாள். “மழைக்கு இன்னும் நாள் இருக்கு. மறுபடி போடுங்க. எங்க தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க கையப் பாருங்க.”

மறுபடி விதைத்தேன். முளை வந்ததும், புத்தகம் சொன்னபடி, குழிக்கு ஒரு மூடி உரம். சோடா பாட்டில் மூடி. இம்முறை கையைப் பார்த்தேன். மூடியின் மேல் குட்டி மலை. அம்மா அளக்கும் டின் குவிந்துதான் இருக்கும். அதற்கும் மேல் ஒரு பிடி கொசுறு. தலை தட்டி அளப்பவளிடம் மறுநாள் யார் வருவார்கள்? செடிக்கும் கொசுறு போட்டே கொன்றிருக்கிறேன்.

விரலால் தலை தட்டினேன். பத்தாம் நாள் வரிசை முழுக்கப் பச்சை. டுஃபியே வரிசையைப் பார்த்துவிட்டு ஆறாம் புத்தகத்தை நீட்டினாள். மழைக்கு நான்கு நாள் முன்னால் பன்னிரண்டாவதை முடித்தேன்.

இன்று வேலையில் என் முதல் வயல், அம்மாவிடம் பயறு வாங்கும் பொமாவுடையது. நான் அளப்பதைப் பார்த்து அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“ஏம்மா, உரம் என்னோடது. உனக்கு ஏன் கை வரமாட்டேங்குது? பயறுக்காரி மகளாடி நீ?”

கருகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். டுஃபியே அப்படிச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு, குவித்தேதான் போட்டிருப்பேன். என்னைத் தோற்க விட்டாளே, மகராசி, நன்றாக இருக்கட்டும்.

“அந்த ஒரு வரிசை ஒன் இஷ்டம்க்கா. மத்ததெல்லாம் என் இஷ்டம். பத்து நாள்ல வரேன்.”

பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்து போனோம். அவள் மூடியிலிருந்து வெள்ளை உர மணிகள் வழிந்து ஈர மண்ணில் சிதறின. நான் விரலை மூடியின் குறுக்கே இழுத்தேன்.